ஃபைப்ரினோஜனைத் திரையில் திருப்பிப் பார்க்க: புரோட்டீன் டேட்டா பேங்க்கும் மோல்ஸ்டாரும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியலோ மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பமோ படிக்கிறவர்களுக்கு, இரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் ஒரு கோட்டோவியமாகத்தான் அறிமுகமாகிறது. நடுவில் ஒரு உருண்டை, இரண்டு பக்கமும் ஒரு கோடு, கோட்டின் முனைகளில் ஆளுக்கொரு உருண்டை. அதற்குக் கீழே டி, ஈ, டி என்று குறித்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அந்தப் படத்தில் தவறில்லை. ஆனால் அது ஒரு விறைத்த படம். இரத்தம் உறையும்போது இந்தப் புரதம் வளைகிறது, நீள்கிறது, வாலை வீசிப் பக்கத்து மூலக்கூற்றைப் பிடிக்கிறது. இதெல்லாம் கோட்டோவியத்தில் இல்லை.

இதற்கு விலையில்லாமல் கிடைக்கும் கருவி ஆர்சிஎஸ்பி புரோட்டீன் டேட்டா பேங்க். 1971இல் ஏழு புரதக் கட்டமைப்புகளோடு தொடங்கிய களஞ்சியம் இது. முகவரி ஆர்சிஎஸ்பி டாட் ஆர்க். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், தரவை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். பக்கத்துக்குள்ளேயே மோல்ஸ்டார் என்ற முப்பரிமாணப் பார்வைக் கருவி இருக்கிறது. ஃபைப்ரினோஜன் என்ற ஒரே புரதத்தை வைத்து இந்தச் சேவையை இங்கே மதிப்பிடுகிறோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்தப் புரதத்தின் உறுதியான உடலைக் காட்டுவதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. அதன் நெகிழ்வைப் பொறுத்தவரை, திறந்ததும் வரும் படம் பாதியைத்தான் சொல்கிறது. மிச்சத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் இடறல் தேடுபெட்டியிலேயே வரும். ஃபைப்ரினோஜன் என்று மட்டும் தட்டினால் முழு மூலக்கூறு, அதை வெட்டி எடுத்த துண்டுகள், வேறொரு புரதத்தோடு ஒட்டிய சின்னஞ்சிறு பெப்டைடு என்று எல்லாம் கலந்து கொட்டும். மாணவர்கள் பெரும்பாலும் மேலே வந்த ஏதோ ஒன்றைத் திறந்து, பாதி மூலக்கூற்றைப் பார்த்துவிட்டு இதுதான் ஃபைப்ரினோஜன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு அடையாள எண்ணைக் கொடுங்கள். மனித ஃபைப்ரினோஜனுக்கு 3ஜிஎச்ஜி. 2009இல் கோல்மன், டூலிட்டில் குழுவினர் வெளியிட்ட எக்ஸ்-கதிர்ப் படிகக் கட்டமைப்பு அது, பிரிதிறன் 2.9 ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்). பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க 1எம்1ஜே, கோழியின் ஃபைப்ரினோஜன், 2.7 ஆங்ஸ்ட்ராம். இந்த இரண்டு எண்கள் போதும், ஒரு பருவத்துக்கு வேலை இருக்கிறது.

2.9 ஆங்ஸ்ட்ராம் என்றால் என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. புரதத்தின் முதுகெலும்பு எந்த வழியாகப் போகிறது என்பது நம்பகமாகத் தெரியும். டைரோசின், டிரிப்டோஃபேன் போன்ற பெரிய பக்கக் கிளைகள் தெரியும். நீர் மூலக்கூறுகள் எங்கே நிற்கின்றன, ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு 2.8 ஆங்ஸ்ட்ராமா 3.1 ஆங்ஸ்ட்ராமா என்றெல்லாம் அடித்துச் சொல்ல முடியாது. மோல்ஸ்டார் புள்ளிக்கோடு போட்டுக் காட்டும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அணுக்களின் தூரத்தையும் கோணத்தையும் வைத்து மென்பொருள் ஊகித்தவை. அவற்றை அளவெடுத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லும் செய்முறைகள் பயனற்றவை.

ஒவ்வொரு கட்டமைப்புக்கும் பக்கத்தில் ஒரு தர அறிக்கை இருக்கும், அதை யாரும் திறப்பதில்லை. அதில் வரும் ராமச்சந்திரன் விலகல் என்ற வரி முதுகெலும்பின் முறுக்குக் கோணங்கள் இயல்பான எல்லைக்குள் இருக்கின்றனவா என்று சொல்கிறது; அது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட வரைபடத்திலிருந்து வருகிறது. உலகில் எந்த மூலையில் யார் எந்தப் புரதத்தைப் பதிவுசெய்தாலும் இந்தச் சோதனைக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். நம் ஊர் வகுப்பறையில் இதைச் சொல்லாமல் போவது பெரிய இழப்பு. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ராமச்சந்திரன் 1954இல் முன்வைத்த கொலாஜன் மும்மைச் சுருளும் ஃபைப்ரினோஜனின் முச்சங்கிலித் தண்டும் ஒன்றல்ல. கொலாஜனில் ஒவ்வொரு இழையும் நீட்டித்த இடச்சுருள், மூன்றாவது அமினோ அமிலம் தோறும் கிளைசின். ஃபைப்ரினோஜனில் ஒவ்வொரு இழையும் வலப்பக்கம் சுழலும் ஆல்ஃபாச் சுருள், ஏழுக்கு ஒருமுறை திரும்பும் ஒழுங்கில் எண்ணெய்த்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் உட்பக்கம் பார்த்து நிற்கும். தேர்வுத்தாள்களில் இரண்டும் கலந்தே வருகின்றன.

இனிப் படத்துக்கு வருவோம். பக்கத்தின் மேலே உள்ள ஸ்ட்ரக்சர் தாவலைச் சொடுக்கினால் மோல்ஸ்டார் திறக்கும். வலப்பக்கப் பலகையில் அசெம்ப்ளி 1 என்று இருக்கிறதா பாருங்கள். அதை மாடல் என்று மாற்றிவிட்டால் படிகத்தின் ஓர் அலகுக்குள் இருக்கும் இரண்டு ஃபைப்ரினோஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து வந்துவிடும். பன்னிரண்டு சங்கிலி, ஏறத்தாழ முப்பதாயிரம் அணுக்கள். குறைந்த நினைவகமுள்ள போன் இங்கேதான் திணறும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு மூலக்கூறு, அதாவது ஏ முதல் எஃப் வரை ஆறு சங்கிலிகள். ஏயும் டியும் ஆல்ஃபா, பியும் ஈயும் பீட்டா, சியும் எஃப்பும் காமா. சங்கிலிக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகும். மேற்பரப்புக் காட்சியைப் போடாதீர்கள். கார்ட்டூன் காட்சி மட்டும் வைத்தால் சாதாரண போனிலும் சிக்கலின்றிச் சுழலும்.

இப்போது தெரிவது 340 கிலோடால்டன் எடையும் ஏறத்தாழ 45 நானோமீட்டர் நீளமும் உள்ள மூலக்கூறு. மூன்று சங்கிலிகள் சேர்ந்த பாதி, அதே மாதிரி இன்னொரு பாதி, இரண்டும் நடுவில் தலையோடு தலை சேர்ந்து நிற்கின்றன. ஆல்ஃபாவுக்கு 610 அமினோ அமிலங்கள், பீட்டாவுக்கு 461, காமாவுக்கு 411. இரண்டு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் சேரும் டைசல்ஃபைடு பிணைப்புகள் இருபத்தொன்பது இதையெல்லாம் கட்டி வைத்திருக்கின்றன. நடுமுடிச்சிலிருந்து முனை முடிச்சு வரை மூன்று சங்கிலிகளும் முப்புரிக் கயிறாக முறுக்கிக்கொண்டு போகின்றன. கயிற்றின் இரண்டு முனைகளிலும் ஒரு டைசல்ஃபைடு வளையம். ஆல்ஃபாச் சங்கிலியில் அந்த வளையங்களின் சிஸ்டீன்கள் 45, 49 ஒரு முனையிலும், 161, 165 மறுமுனையிலும் இருக்கின்றன.

செய்முறைக்கு ஏற்ற அளவீடு இதுதான். அம்புக்குறிப் பொத்தானை அழுத்தித் தேர்வு நிலைக்குப் போங்கள். மேலே ஓடும் வரிசைப் பலகையில் ஏ சங்கிலியின் சிஸ்டீன் 49ஐயும் சிஸ்டீன் 161ஐயும் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் மெஷர்மென்ட்ஸ் பகுதியில் டிஸ்டன்ஸ் கொடுத்தால் தூரம் ஆங்ஸ்ட்ராமில் வரும். அதற்கு முன்னால் தாளில் கணக்குப் போட வையுங்கள்: ஆல்ஃபாச் சுருளில் ஓர் அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் ஏற்றம், 112 படிகள், ஆக 168 ஆங்ஸ்ட்ராம். திரையில் வரும் எண் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஏன் குறைகிறது என்ற கேள்விதான் நெகிழ்வுப் பாடத்தின் வாசல். தண்டு நேராக இல்லை, வளைந்திருக்கிறது. மூன்றும் ஒன்றை ஒன்று சுற்றிச் செல்வதாலும் கொஞ்சம் குறைகிறது.

தண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனால், நடுவில் ஓரிடத்தில் சுருள் ஒழுங்கு குலைவது கண்ணில் படும். எதேச்சையாக அமைந்த இடமல்ல அது. உறைவைக் கரைக்கும் பிளாஸ்மின் நொதி வெட்டுவதும் அந்தப் பகுதியில்தான்: ஆல்ஃபாவில் 104க்கும் 105க்கும் நடுவே, பீட்டாவில் 133க்கும் 134க்கும் நடுவே, காமாவில் 62க்கும் 63க்கும் நடுவே. இறுக்கமாக முறுக்கிய சுருளுக்குள் நொதியின் வாய் நுழையாது, தளர்ந்த இடம் வேண்டும். அணுக்களின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மூலக்கூறு இயக்கக் கணிப்புகளும் இந்தத் தண்டில்தான் ஒரு கீல் இருப்பதைக் காட்டின. கோஹ்லர், ஷ்மிட், செட்டானி ஆகியோரின் 2015 ஆய்வு அதில் முக்கியமானது. அந்தக் கீலில் மூலக்கூறு பெரிய கோணத்துக்கு வளைந்து நிமிர்கிறது. தண்டின் வெளிப்பாதியில் ஆல்ஃபாச் சங்கிலி திரும்பி வந்து நான்காவது சுருளாகப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அந்தப் பாதி அதனால் கொஞ்சம் விறைப்பு. இந்த நான்காவது சுருளை எந்தப் பாடநூல் கோட்டோவியத்திலும் பார்க்க முடியாது, மோல்ஸ்டாரில் ஒரே திருப்பில் தெரிகிறது. இந்தச் சேவைக்கு நாங்கள் தரும் முழு மதிப்பும் இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

முனை முடிச்சுகளிலும் அதே தெளிவு. காமா முடிச்சில் ஒரு குழி இருக்கிறது. அதைச் சுற்றி குளுட்டமின் 329, அஸ்பார்ட்டிக் அமிலம் 330, ஹிஸ்டிடின் 340, டைரோசின் 363, அஸ்பார்ட்டிக் அமிலம் 364 நிற்கின்றன. ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் என்ற உறைவு இழையாக மாற்றும் திராம்பின் நொதி, ஃபைப்ரினோபெப்டைடு ஏ என்ற 16 அமினோ அமிலத் துணுக்கை வெட்டியதும் வெளிப்படும் கிளைசின்-புரோலின்-ஆர்ஜினின் என்ற குமிழ் வந்து பொருந்துவது இந்தக் குழியில்தான். 3ஜிஎச்ஜியில் அந்தக் குமிழுக்குப் பதிலாக, அதே தொடக்கமுள்ள செயற்கைப் பெப்டைடு ஒன்றைக் குழிக்குள் வைத்தே படிகம் வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பெப்டைடைச் சொடுக்கினால் சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் தானாக விரியும். பெப்டைடின் ஆர்ஜினின் கை 364ஆம் எண் அஸ்பார்ட்டிக் அமிலத்தை நோக்கி நீண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்குக் குமிழும் குழியும் பிறகு மறக்காது. பக்கத்திலேயே ஒரு கால்சியம் அயனி, காமா 318, 320, 322, 324 ஆகிய அமினோ அமிலங்களின் நடுவில்.

இதுவரை பாராட்டு. இனிக் குறை.

3ஜிஎச்ஜியைத் திறந்து, ஆல்ஃபாச் சங்கிலி எங்கே முடிகிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். முனை முடிச்சுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது என்பார்கள். படத்தில் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் 610இல் முதல் இருநூற்றுச் சொச்சம்தான் அங்கே இருக்கிறது. 221 முதல் 610 வரை நீளும் ஆல்ஃபா-சி பகுதி படத்தில் அறவே இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 780 அமினோ அமிலங்கள், மொத்தம் 2964இல் கால் பங்குக்கு மேல். இது போக, ஆல்ஃபாவின் தொடக்கத்தில் 26, பீட்டாவின் தொடக்கத்தில் ஐம்பத்தேழு, காமாவின் வால் நுனி எல்லாமே காணோம். சுருக்கமாகச் சொன்னால் மூலக்கூற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திரைக்கு வரவே இல்லை.

காரணம் எளிது. எக்ஸ்-கதிர்ப் படிகவியல் கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியைத்தான் படமாக்குகிறது. ஒவ்வொரு மூலக்கூற்றிலும் ஒரே இடத்தில் நிற்கும் பகுதிக்கு அடர்த்தி கிடைக்கும். ஒன்றில் இடப்பக்கமும் இன்னொன்றில் வலப்பக்கமும் கிடக்கும் வாலுக்கு அடர்த்தி கரைந்துவிடும். ஆக, எது மிகவும் நெகிழ்வானதோ அதுதான் படத்தில் இருக்காது. கோழி ஃபைப்ரினோஜனைத் துண்டாக்காமல் முழுசாகப் படிகமாக்க முடிந்ததற்கும் இது ஒரு காரணம். கோழியின் ஆல்ஃபாச் சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அந்த நீண்ட வால்பகுதி இல்லை.

இதில் சேவையின் குறை எங்கே வருகிறது? சங்கிலியின் நடுவில் விட்டுப்போன இடங்களை மோல்ஸ்டார் புள்ளிக்கோட்டால் இணைத்துக் காட்டுகிறது, நல்லது. ஆனால் சங்கிலியின் முனையில் விட்டுப்போனதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. சங்கிலி அங்கே இயல்பாக முடிந்துவிட்டது போலவே இருக்கும். 390 அமினோ அமிலம் நீளமுள்ள வால் ஒன்று இங்கிருந்து கிளம்புகிறது என்று சொல்ல ஒரு சின்னக் குறிகூடப் படத்தில் கிடையாது. தொடக்கநிலை மாணவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாற்று வழி அதே தளத்தில் இருக்கிறது, சில தாவல் தள்ளி. சீக்வன்ஸ் தாவலுக்குப் போனால் ஒவ்வொரு சங்கிலியின் முழு வரிசையும் பட்டையாக நீளும். அதில் அன்மாடல்டு என்று ஒரு தடம் ஓடும். வரிசையில் உண்டு, படத்தில் இல்லை என்ற அமினோ அமிலங்கள் அவை. ஃபைப்ரினோஜனைப் பொறுத்தவரை இந்தத் தாவலைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. முப்பரிமாணப் படம் அதற்குப் பிறகு. எது இல்லை என்று தெரிந்துகொண்டு போய்ப் பார்க்கிற கண்ணுக்கு, ஆல்ஃபாச் சங்கிலி வெட்டுப்பட்டு நிற்கும் முனையே நெகிழ்வின் சாட்சியாகத் தெரியும்.

இந்த இல்லாமை ஆய்வகப் பணியாளர்களையும் தொடும். பிறவியிலேயே ஃபைப்ரினோஜன் சரியாக வேலை செய்யாத நிலையில் மிக அடிக்கடி மாறியிருக்கும் இடம் ஆல்ஃபாவின் ஆர்ஜினின் 16. திராம்பின் வெட்டும் இடமே அதுதான். உறையும் நேரத்தைப் பார்க்கும் கிளாஸ் முறையில் அளந்தால் குறைவாகவும், புரதத்தின் அளவை மட்டும் பார்க்கும் ஆன்டிஜன் முறையில் அளந்தால் இயல்பாகவும் வரும் இரத்த மாதிரிகளுக்கு இது ஒரு விளக்கம். புரதம் இருக்கிறது, குமிழ்தான் வெளிவரவில்லை. ஆனால் 3ஜிஎச்ஜியில் அந்த ஆர்ஜினினைத் தேடினால் கிடைக்காது, முதல் 26க்குள் அது போய்விட்டது. உறைவு கரையும்போது இரத்தத்தில் வரும் இரட்டை டி துண்டான டி-டைமர் விஷயமும் அப்படியே. ஃபைப்ரின் மூலக்கூறுகளைத் தைக்கும் நொதியான காரணி 13 பிணைக்கும் காமா 406ஆம் லைசினும் மறுபக்கத்துக் குளுட்டமின்களும் அசையும் வால் நுனியில் இருக்கின்றன. இரட்டை டி துண்டின் படிகக் கட்டமைப்பான 1எஃப்இசட்சியைத் திறந்தாலும் இரண்டு டி முடிச்சுகள் முட்டி நிற்பது தெரியும், அவற்றைத் தைத்திருக்கும் அந்தப் பிணைப்பு தெரியாது. டி-டைமர் பரிசோதனை நாள்தோறும் செய்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் கருவியின் தவறு அல்ல.

எண்களில் ஒரு பொறி இருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஒரு வகுப்பு முழுக்க வீணாகும். மேலே நாங்கள் தந்த எண்கள் எல்லாம் முதிர்ந்த புரதத்தின் எண்கள். மரபணு அறிக்கைகளும் புரத வரிசைகளின் களஞ்சியமான யூனிப்ராட் தளமும் கல்லீரல் செல்லுக்குள்ளேயே வெட்டப்படும் முன்னொட்டையும் சேர்த்து எண்ணும். ஆல்ஃபாவுக்கு 19, பீட்டாவுக்கு 30, காமாவுக்கு 26 கூட்டிக்கொள்ள வேண்டும். அறிக்கையில் ஆர்ஜினின் 35 என்று வருவது நம் ஆர்ஜினின் 16. காமாவில் ஆர்ஜினின் 301 என்று வருவது 275. டேட்டா பேங்க் கோப்பிலும் ஆசிரியர் கொடுத்த எண் ஒன்று, களஞ்சியம் கொடுத்த எண் ஒன்று என இரண்டு ஓடும், சங்கிலிப் பெயருக்கும் அப்படியே. ஒரு தெரிந்த அமினோ அமிலத்தை, உதாரணமாக காமா டைரோசின் 363ஐ, முதலில் தேடிப்பிடித்து அது டைரோசின்தானா என்று உறுதி செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நெகிழ்வைக் கண்ணால் பார்க்க இரண்டு வழிகள் மோல்ஸ்டாருக்குள்ளும் அதன் அக்கம்பக்கத்திலும் உண்டு.

ஒன்று, பி-காரணி. ஒவ்வொரு அணுவும் தன் சராசரி இடத்திலிருந்து எவ்வளவு பரந்து தெரிகிறது என்பதன் அளவு அது. காம்பொனென்ட்ஸ் பகுதியில் பாலிமர் வரிசையின் மூன்று புள்ளிகளை அழுத்தி, செட் கலரிங், ஆட்டம் ப்ராப்பர்ட்டி, அன்செர்டென்டி என்று போனால் நீலத்திலிருந்து சிவப்பு வரை நிறம் வரும். நீலம் அடங்கிய இடம், சிவப்பு அலைகிற இடம். பி-காரணியை 79ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒரு திசையில் சராசரி விலகல் ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும். 79 என்பது எட்டு முறை பையின் வர்க்கம். பி-காரணி 100 என்றால் விலகல் 1.1 ஆங்ஸ்ட்ராமைக் கொஞ்சம் தாண்டும். இதில் கவனிக்க வேண்டியது, மோல்ஸ்டாரின் நிற அளவுகோல் இயல்பாக 0 முதல் 100 வரைதான். 100ஐத் தாண்டியது எல்லாம் ஒரே சிவப்பு. இவ்வளவு பெரிய, இந்தப் பிரிதிறனில் உள்ள மூலக்கூற்றில் அந்த எல்லை போதாது. நிற அமைப்பின் விருப்பங்களுக்குள் போய் மேல் எல்லையை உயர்த்திவிட்டுப் பாருங்கள், ஒரே சிவப்பாகத் தெரிந்த பகுதிக்குள்ளும் ஏற்ற இறக்கம் பிரியும். பி-காரணி முழுக்க அசைவு மட்டுமே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதிரி கட்டியதில் உள்ள பிழை, படிகத்துக்குள் பக்கத்து மூலக்கூறு கொடுக்கும் நெருக்கம் இரண்டும் அதில் கலந்திருக்கும்.

இரண்டாவது வழி எங்களுக்கு இன்னும் பிடித்தது: ஒப்பிட்டுப் பார்த்தல். தளத்தில் பேர்வைஸ் ஸ்ட்ரக்சர் அலைன்மென்ட் என்று தனிக் கருவி இருக்கிறது. 3ஜிஎச்ஜியின் ஒரு பீட்டாச் சங்கிலியையும் 1எம்1ஜேயின் ஒரு பீட்டாச் சங்கிலியையும் கொடுங்கள். பொருத்தும் முறையாக முதலில் ஃபேட்கேட் ரிஜிட், பிறகு ஃபேட்கேட் ஃப்ளெக்சிபிள் என்று தேர்ந்தெடுங்கள். ரிஜிட் முறை முழுச் சங்கிலியையும் விறைத்த பொருளாக வைத்துப் பொருத்தப் பார்க்கும். ஃப்ளெக்சிபிள் முறை வேண்டிய இடத்தில் மடக்கிக்கொள்ளும். முதல் முறையில் விலகல் அதிகமாகவும் இரண்டாவதில் குறைவாகவும் வந்தால், துண்டுகளின் வடிவம் மாறவில்லை, அவற்றுக்கு நடுவே உள்ள மூட்டு மட்டும் திரும்பியிருக்கிறது என்று பொருள். பிறகு இரண்டு மூலக்கூறுகளையும் மேலே மேலே வைத்து எந்த இடத்தில் பிரியத் தொடங்குகின்றன என்று தண்டு நெடுகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே படத்தை வைத்து நெகிழ்வைப் பற்றிப் பேசுவதைவிட, ஒரே புரதத்தின் இரண்டு நிலைப்படங்களை வைத்துப் பேசுவது ஆயிரம் மடங்கு மேல்.

விட்டுப்போன வாலை, வரிசையிலிருந்து புரத வடிவத்தைக் கணினியால் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. அங்கே ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனியாகத்தான் கிடைக்கும், ஆறும் சேர்ந்த வடிவம் இல்லை. துணையில்லாமல் தனியாக நீளும் சுருளைப் பார்த்து இதுதான் தண்டு என்று நினைக்கக் கூடாது. ஆரஞ்சு நிறத்தில் வளைந்து வளைந்து கிடக்கும் பகுதி நம்பகத்தன்மை 50க்குக் கீழே போன இடம். அந்த வளைவுகளுக்குப் பொருள் கிடையாது, இங்கே நிலையான வடிவம் இல்லாமல் இருக்கலாம் என்ற குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய பொறி ஒன்று: ஆல்ஃபாச் சங்கிலிக்கான பி02671 என்ற பதிவு 866 அமினோ அமிலம் உள்ள நீண்ட வடிவம். இரத்தத்தில் ஓடும் ஃபைப்ரினோஜனில் மிகச் சிறு பங்கில் மட்டுமே இந்த நீட்டிப்பு இருக்கிறது. அதன் கடைசியில் அழகாக மடிந்து, நீல நிறத்தில், உயர்ந்த நம்பகத்தன்மையோடு ஒரு முடிச்சு தெரியும். அதைத்தான் ஆல்ஃபா-சி பகுதி என்று நிறையப் பேர் குறித்துவிடுகிறார்கள். அது அல்ல. வழக்கமான 610 நீளச் சங்கிலியில் அந்த முடிச்சே கிடையாது.

இவ்வளவு மெனக்கெட்டு நெகிழ்வைப் பார்க்க வேண்டுமா என்றால், வேண்டும். உறைவு என்பது ஓடுகிற இரத்தத்தின் இழுப்புக்கு நடுவே நின்று பிடிக்க வேண்டிய வலை. 2006இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில் ஒற்றை ஃபைப்ரின் இழையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். தன் நீளத்தைப் போல 2.8 மடங்கு நீட்டினாலும் விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பியது. அறுவதற்கு முன்னால் சராசரியாக 4.3 மடங்கு நீண்டது. இந்த நீட்சிக்குத் தண்டுச் சுருள்கள் அவிழ்வதும், படத்தில் காணாத அந்த ஆல்ஃபா-சி வால்களும் பொறுப்பு என்பது இன்றைய புரிதல். நம் பக்கத்துக் காட்டிலும் கம்மாய்க்கரையிலும் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களுக்கு நடப்பதும் இந்தப் புரதத்தின் கதைதான். அதன் நஞ்சு இரத்தத்தில் உள்ள உறைதல் காரணி 10ஐத் தூண்டிவிட, உறைதல் கட்டுக்கடங்காமல் ஓடி ஃபைப்ரினோஜன் செலவாகித் தீர்ந்துபோகிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்க்கும் சோதனை தேடுவது இந்த வலை உருவாகிறதா என்பதைத்தான். பிளாஸ்டிக் குழாயில் அந்தச் சோதனை பொய்த்துவிடும், கண்ணாடிப் பரப்புத்தான் உறைதலைத் தொடங்கி வைக்கிறது. சோப்புத்தூள் படிந்த கண்ணாடியும் அதே மாதிரி ஏமாற்றும்.

மற்ற கருவிகளோடு வைத்துப் பார்த்தால், அச்சுக்குப் போகும் தரத்தில் படம் வேண்டுமென்றால் கைமெராஎக்ஸ் என்ற மென்பொருள் மேல், கல்விப் பயன்பாட்டுக்கு அதுவும் இலவசம். ஆனால் கணினியில் நிறுவ வேண்டும், நல்ல கிராஃபிக்ஸ் வசதி வேண்டும், கட்டளைகள் கற்க வேண்டும். விடுதியில் போனை மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு மோல்ஸ்டார்தான். பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது தமிழ்வழி படித்து வந்தவர்களுக்கு முதல் வகுப்பில் தடையாகத்தான் இருக்கும். காம்பொனென்ட்ஸ், மெஷர்மென்ட்ஸ், சீக்வன்ஸ், அன்மாடல்டு என்ற நான்கு இடங்களை மட்டும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் தமிழில் வேலை என்ன என்று குறித்துவிட்டால் தடை நீங்கிவிடும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் துறை காரைக்குடியிலேயே இருப்பதால், இதற்கு மேல் மூலக்கூறு இயக்கக் கணிப்பு வரை போக விரும்புகிறவர்கள் ஊரை விட்டுப் போகவும் வேண்டியதில்லை.

வகுப்பறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் இணையம் தள்ளாடும். அதற்கு ஒரு வழி உண்டு. ஆசிரியர் முன்னாலேயே ஏ முதல் எஃப் வரை மட்டும் வைத்து, சங்கிலிக்கு நிறம் கொடுத்து, சிஸ்டீன் 49, 161 இரண்டையும் குறித்து, பி-காரணியின் எல்லையைச் சரிசெய்து, மொத்தத்தையும் மோல்எக்ஸ் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். கட்டமைப்புத் தரவும் அந்தக் கோப்புக்குள்ளேயே வந்துவிடும். மாணவர்கள் மோல்ஸ்டார் பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டு, பென்டிரைவிலோ புளூடூத்திலோ வாங்கிய கோப்பை அதில் இழுத்துப் போட்டால் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். கூடவே சீக்வன்ஸ் தாவலின் அன்மாடல்டு தடத்தை ஒரு படமாக எடுத்து அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். ஆல்ஃபாச் சங்கிலிக்கான பட்டையில் 221 முதல் 610 வரை பென்சிலால் அவர்களே அடிக்கோடு போடட்டும்.